நெருப்பில்லாத அடுப்பின் ஞானோபதேசம்

முதலில் ஒரு ‘டக்’ சத்தம், அதன்பின் விடாத ஓர் உறுமல், உள்ளே மங்கலான மஞ்சள் விளக்கு, அந்த வெளிச்சத்தில் யாரும் தொடாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும் கண்ணாடித் தட்டு. எங்கள் வீட்டுச் சமையலறையில் நானும் தம்பி அருளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த அந்தப் பெட்டியின் உறுமல், இன்றும் எங்காவது பேக்கரியிலோ அலுவலகக் கேன்டீனிலோ காதில் விழுந்தால் போதும், என் கால்கள் தாமாகவே ஓரடி பின்னால் போய்விடும். எங்களுக்கென்று குறிக்கப்பட்ட இடம் சமையலறை நிலைப்படி. பெட்டி ஓடும்போது அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது, கண்ணாடியில் மூக்கை ஒட்டி வேடிக்கை பார்க்கக் கூடாது, மணி அடித்தாலும் உடனே பாயக் கூடாது, “செத்த நேரம்” நிற்க வேண்டும். இத்தனை ‘கூடாது’களுக்கு நடுவில் ஒரு தட்டுச் சோற்றைச் சூடாக்கித் தின்ற பிள்ளைகள், அந்தக் காலத் திண்டுக்கல்லில் எங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. பேகம்பூருக்குப் பின்பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா குவைத்தில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டினார். அம்மா ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, என் கழுத்துக் கயிற்றில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனால், பள்ளிவாசலில் மாலைப் பாங்கு சொல்லி முடிந்து, மில் வேன் தெருமுனையில் நிற்கும் வரை வீட்டில் பெரியவர்கள் யாரும் கிடையாது. எனக்குப் பதினொரு வயது, அருளுக்கு ஏழு. மத்தியான டிபன் பாக்ஸ் எங்கே போயிற்று என்று தெரியாத அளவுக்கு நாலு மணிக்குப் பசிக்கும். அம்மா காலையிலேயே ஆக்கிவைத்துவிட்டுப் போன சோறும், தொட்டுக்கொள்ளும் “வெஞ்சன”மும் அந்த நேரத்துக்கு ஆறிச் சில்லிட்டுக் கிடக்கும்.

அடுப்பைப் பற்ற வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் அருள் யார் அனுமதியையும் கேட்கிற ஆள் இல்லை. ஒரு நாள் நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, பாலைச் சுடவைக்கிறேன் பேர்வழி என்று கேஸ் குமிழைத் திருகிவிட்டு, லைட்டரை ‘டிக் டிக்’ என்று அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறான். லைட்டரில் பொறி வரவில்லை. அவனும் விடவில்லை. நாற்றம் மூக்கில் ஏறி நான் ஓடி வந்து குமிழை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டபோது, அவன் இன்னும் அந்த லைட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கெட்டுப்போன லைட்டர்தான் எங்களைப் பிழைக்க வைத்தது. வெளியில் சொல்லாதே என்று அம்மா அவன் வாயில் சர்க்கரை போடாத குறையாகக் கெஞ்சினாள். மறுவாரம் அது நத்தம் வரை போய்விட்டது.

நத்தத்தில்தான் அப்பாவின் அக்கா இருந்தாள். எங்களுக்கு “நத்தத்து அத்தை”. தாயில்லாப் பிள்ளையாக அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்பதால், அவள் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது. மாமா போன பிறகு புளியந்தோப்புக் குத்தகையைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவள். அவள் மட்டும் வெயிலில் நின்று வேலை பார்க்கலாம், அம்மா மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாதாம். இந்த நியாயம் எனக்கு அப்போதும் விளங்கியதில்லை. கேஸ் சமாசாரம் காதில் விழுந்த அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். அப்பாவின் போன் வந்ததும் எங்கள் முன்னாலேயே கத்தினாள்.

“ஏப்பா, நீ பாலைவனத்துல கெடந்து வேகுற. இவ எதுக்கு மில்லுக்குப் போறா? பிள்ளைக வெந்துபோனா இவ சம்பளமா எந்திரிச்சு வந்து பாக்கும்?”

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றாள். அவள் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பல வருடம் அந்தப் படிப்பை வைத்து எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவள். மில்லில் அவளுக்கென்று ஒரு மேசையும், அதன்மேல் ஒரு கம்ப்யூட்டரும், “லூர்து மேடம்” என்று கூப்பிட ஆட்களும் இருந்தார்கள். காலையில் கண்ணாடி முன் நின்று சேலைக்கு ஊக்குக் குத்தும்போது அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த முணுமுணுப்பு இருக்காது. அது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த மே மாதம் அப்பா விடுமுறையில் வந்தபோது, கயிறு சுற்றிய பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். தெருவே டி.வி. என்று நினைத்தது. பிரித்துப் பார்த்தால் வெள்ளையாக, கண்ணாடிக் கதவு வைத்து ஒரு மைக்ரோவேவ் பெட்டி. “இதுல நெருப்பே கெடையாது. பிள்ளைக கையை வச்சாலும் சுடாது” என்று அப்பா அத்தையிடம் விளக்கினார். அத்தை அதன் தலையைத் தட்டிப் பார்த்தாள். “நெருப்பில்லாம எது வேகும்? ஊமை ஊரைக் கெடுக்கும்டா” என்றாள். கடைசியில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. பிள்ளைகள் கேஸ் பக்கம் போகக் கூடாது, இந்தக் “கரண்ட் அடுப்பில்” சூடாக்கிச் சாப்பிடலாம். ஆனால் இன்னொரு தடவை அந்த அடுப்பங்கரையில் ஏதாவது ஒன்று நடந்தால், அன்றைக்கே அம்மா வேலையை விட்டுவிட வேண்டும். அப்பா அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா “சரி” என்றாள். எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

அதன்பிறகு அந்தப் பெட்டி வெறும் அடுப்பாக இல்லை, எங்கள் அம்மாவின் வேலையே அதற்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படித்தான் நான் பார்த்தேன். அம்மாவும் அப்படித்தான் நடந்துகொண்டாள். குவைத் பிளக் நம் ஊர்ச் சுவரில் நுழையாது என்பதால், பேகம்பூர் எலக்ட்ரீஷியன் பாயை வரவழைத்து, அந்தக் கட்டைப் பிளக்கை வெட்டிவிட்டுத் தடித்த மூன்று கால் பிளக் போட்டு, எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். கடப்பாக்கல் மேடையில் சுவரை ஒட்டாமல், காற்றுப் போக இடம்விட்டு வைத்தாள். அத்தை ஆசையாகத் தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறையை, பெட்டி ஓடாத நேரத்தில் மட்டும் போட்டாள். ஓடும்போது மூச்சுத் துளைகளை மூடினால் சூடேறிவிடும் என்பாள். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்த குறிப்புப் புத்தகத்தில் ஆங்கிலப் பக்கங்களை மட்டும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் உட்கார்ந்து படித்தாள்.

படித்ததை எங்களுக்கு அவள் புகட்டிய விதம்தான் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும். கேள்வியை உபதேசியார் கேட்க, பதிலை ஒரே குரலில் நாங்கள் ஒப்பிப்போம். அதே ராகத்தில் அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்துவிடுவாள்.

“எவர்சில்வர் உள்ள போகலாமா?”

“போகக் கூடாது.”

“அலுமினியம், பித்தளை, ஜரிகை ஓரம் போட்ட கப்பு?”

“எதுவும் கூடாது.”

“முட்டையை ஓட்டோட வைக்கலாமா?”

“வைக்கக் கூடாது. வெடிக்கும்.”

“டப்பா மூடியை?”

“இறுக்கி மூடக் கூடாது. ஆவி போக எடம் விடணும்.”

“தண்ணியை மட்டும் வச்சா?”

“வெளிய எடுத்ததும் பொங்கி மூஞ்சில அடிக்கும். கரண்டியப் போடாம, செத்த நேரம் விடணும்.”

“உள்ள ஒண்ணுமில்லாம ஓட்டலாமா?”

“ஓட்டக் கூடாது.”

“உள்ள தீப் பிடிச்சா?”

இந்த இடத்தில் அருளின் குரல் எப்போதும் ஓங்கும். “கதவத் தொறக்கக் கூடாது! தண்ணி ஊத்தக் கூடாது! சுவிட்ச அமத்தணும்!”

“சுவிட்சு கிட்ட ஈரமா இருந்தா?”

“மெயினை எறக்கணும்!”

மெயின் என்பது கூடத்தில், வாசல் கதவுக்கு மேலே, இரும்புப் பெட்டிக்குள் இருந்த கைப்பிடி. ஸ்டூலைப் போட்டு ஏறி அதை இறக்க எனக்கு அம்மா பலமுறை பழக்கியிருந்தாள். ஒரு தடவை நான் பயிற்சிக்காக இறக்கியபோது, எங்கள் வீடு இருண்டதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், அடுத்து தங்களுக்கும் கரண்ட் போகும் என்று நினைத்து விசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கர்த்தர் கற்பித்த செபத்தைக்கூட நடுவில் மறந்துபோகிற அருள், இந்தக் கேள்வி பதிலில் ஒரு சொல் தவறவிட மாட்டான்.

அத்தை மாதம் ஒரு தடவை வருவாள். பார்க்க வருகிறேன் என்று பெயர், வருவது சோதனை போட. கையில் எவர்சில்வர் தூக்குவாளியில் கறிச்சோறு இருக்கும். நத்தத்து வெள்ளாட்டுக் கறியும் சீரகச் சம்பாவும் சேர்த்து அவள் கிண்டுகிற சோற்றுக்கு நான் எந்தக் கோபத்தையும் விட்டுக்கொடுப்பேன். தூக்குவாளி மூடியின் பள்ளத்தில் ஒரு நீளமான இரும்பு ஆணி கிடக்கும். நத்தம் பாதையில் இரண்டு பக்கமும் புளியமரங்கள். உச்சிப்பொழுதில் கறி வாசத்தோடு அந்த வழியில் போனால் “காத்துக் கருப்பு” கூடவே வந்துவிடும், இரும்பு இருந்தால் அண்டாது என்பது அவள் கணக்கு. பூசைக்குத் தவறமாட்டாள், செபமாலையும் உருட்டுவாள், ஆணி போடாமல் கறியும் கொண்டுவர மாட்டாள். பங்குச் சாமியார் ஒரு தடவை கேட்டதற்கு, “மாதா மாதா வேலையைப் பாக்கட்டும் சாமி, ஆணி ஆணி வேலையைப் பாக்கட்டும்” என்றாளாம்.

தூக்குவாளி எங்கள் அடுப்புக்குள் போகாது. அதனால் கறிச்சோற்றைப் பீங்கான் தட்டுகளுக்கு மாற்றி மாற்றி நான் சூடாக்க, பாதி மேடையில் சிந்த, அத்தைக்குப் பொறுக்கவில்லை. “சோத்தைக் கூறு போட்டுல்ல திங்க வைக்குது இந்த மிசினு.” அம்மா தன்மையாக, அடுப்போடு வந்த பிளாஸ்டிக் டப்பாக்களில் பெரியதைக் கொடுத்தனுப்பினாள். “மதினி, அடுத்த தடவை இதுல கொண்டாங்க. இது அப்படியே உள்ள போகும்.” அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அம்மா சொல்லி அத்தை ஒரு காரியத்துக்கு ஒத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

அடுத்த தடவை வந்தது ஒரு வியாழக்கிழமை. குவைத்தில் அப்பாவுக்கு அன்றைக்கு அரைநாள்தான் வேலை என்பதால், வாரந்தோறும் வியாழன் சாயங்காலம்தான் அவருடைய போன் வரும். நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பைக்குள் அந்த டப்பா. உள்ளே போனதும் பெருமையோடு எடுத்து மேடையில் வைத்தாள். “உங்க ஆத்தா சொன்னாப்புல கொண்டாந்துட்டேன். எங்க, உங்க மிசினுல வையி, பாப்போம்.”

நான் கையைத் துடைத்தேன். மேலே கிடந்த உறையை எடுத்தேன். டப்பா மூடியைத் திறந்து தனியே வைத்தேன். சோற்றின்மேல் வாட்டிய வாழையிலை மடித்து மடித்துப் போர்த்தியிருந்தது. அதை எடுக்கப் போனபோது அத்தை கையைத் தட்டிவிட்டாள். “இலையை எடுக்காத ஆத்தா. சோறு வறண்டுரும்.” இலை எவர்சில்வர் இல்லை, அலுமினியமும் இல்லை. தெறிக்காமல் இருக்கவும் ஏதாவது மூடி வேண்டும்தான். அப்படியே உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, குமிழைத் திருகிவிட்டு நிலைப்படிக்கு வந்தேன். அத்தை வரவில்லை. மேடைக்குப் பக்கத்திலேயே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெட்டியை முறைத்துக்கொண்டு நின்றாள்.

தூக்குவாளி மூடியில் பள்ளம் இருந்தது. இந்த டப்பாவின் மூடி வழுவழுவென்று தட்டையாக இருந்தது. ஆணியை வைக்க இடமில்லாமல், அத்தை அதை இலை மடிப்புக்குள் செருகிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பாத்திரம் கூடாது என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். ஆணியை யார் பாத்திரம் என்பார்கள்?

முதலில் ஒரு ‘சட்’. பிறகு ‘சடசட’வென்று நீல நிறத்தில் பொறி. “அக்கா, உள்ள மத்தாப்பு!” என்று அருள் கை தட்டினான். அடுத்த நொடி இலையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடி, அது தீயாக எழும்பிற்று. கண்ணாடிக்குப் பின்னால் தீயும் சோறும் சேர்ந்து நிதானமாகச் சுற்றின. பெட்டி அதே உறுமலை உறுமிக்கொண்டிருந்தது.

“ஐயோ மாதாவே!” என்று அத்தை கத்தினாள். ஒரு கை கதவுப் பிடிக்குப் போயிற்று, இன்னொரு கை குடத்து மேலிருந்த செம்பில் தண்ணீரை மொண்டுவிட்டது. கதவைத் திறந்து தண்ணீரை ஊற்றப் போகிறாள். எரிகிற எதையும் அப்படித்தான் அணைக்க வேண்டும் என்பது அவள் கண்ட வாழ்க்கை.

“தொறக்காத!”

அந்தச் சத்தம் என் வாயிலிருந்துதான் வந்தது. அத்தையை, அப்பாவையே “டேய்” போட்டுக் கூப்பிடுகிற அத்தையை, நான் அப்படி அதட்டினேன். நிலைப்படியைத் தாண்டி ஓடி அவள் கையை இழுத்தேன். செம்பு தவறி, தண்ணீர் மேடையில் பாதியும் தரையில் பாதியுமாகக் கொட்டியது. அவள் கை கதவுப் பிடியிலிருந்து நழுவிற்று. நான் சுவிட்சை நோக்கித் திரும்பினேன். அதற்குக் கீழேதான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் பாதம் நனைந்திருந்தது, என் கையும்தான். பிளக்கின் ஒயர் ஓரமாக நீர் சொட்டியது.

அப்போது எனக்குப் பயம் வந்தது. அதுவரை வந்தது பரபரப்பு. தொட்டால் நான் போவேன், தொடாவிட்டால் வீடு போகும். எரிகிற பிளாஸ்டிக் நாற்றம் தொண்டையில் இறங்கியது. அத்தை மறுபடியும் கதவுப் பக்கம் போனாள். நான் அவள் சேலைத் தலைப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். “அருளு, வெளிய போடா!” என்று கத்தினேன். அவன் போகவில்லை. நிலைப்படியில் நின்று, அழுதுகொண்டே, ராகம் மாறாமல் ஒப்பித்தான்: “மெயினை எறக்கணும்! மெயினை எறக்கணும்!”

அத்தையையும் இழுத்துக்கொண்டுதான் ஓடினேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை, அவள் ஏன் என்னோடு வந்தாள் என்றும் தெரியவில்லை. கூடத்தில் கால்மிதியில் பாதத்தைத் தேய்த்தேன், பாவாடையில் கையைத் துடைத்தேன், திரும்பத் துடைத்தேன், அது ஈரம் போய்விட்டதா இல்லையா என்று புரியவே இல்லை. ஸ்டூலில் ஏறி, இரும்புப் பெட்டியைத் திறந்து, கைப்பிடியைத் தொங்கி இழுத்தேன். வீடு ஓய்ந்தது. ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, சமையலறையில் உறுமல் நின்றது.

ஆனால் தீ நிற்கவில்லை. கண்ணாடிக்குள் அது இன்னும் தெரிந்தது. மூவரும் வாசற்படியில் நின்று, திறந்திருந்த சமையலறைக் கதவு வழியாக அதையே பார்த்தோம். “பிள்ள, வீடு எரியுது, விடு என்னைய” என்று அத்தை திமிறினாள். நான் தலைப்பை விடவில்லை. கதவு மூடியிருந்தால் காற்றில்லாமல் அதுவே அடங்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா படித்தது சரியாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். தீ சிறுத்தது, மறுபடி நிமிர்ந்தது, பிறகு புகைக்குள் மங்கி, ஒரு நேரத்தில் இல்லாமல் போயிற்று.

புகை அடங்கிய பிறகுதான் அத்தையை உள்ளே விட்டேன். பெட்டிக் கதவைத் திறந்து, சூட்டுக்குப் பயந்து தள்ளி நின்றே பார்த்தேன். டப்பா ஒரு பக்கம் உருகிச் சாய்ந்திருந்தது. உள்சுவரில் கரி. இலை இருந்த இடத்தில், கறுத்துப்போன கறியின் நடுவில், ஆணி கிடந்தது. அத்தை அதைக் கரித்துணியால் எடுத்து மேடையில் வைத்தாள். பிறகு தரையில் கொட்டிய தண்ணீரைத் தானே குனிந்து துடைத்தாள்.

இருட்டத் தொடங்கிய வீட்டில் போன் மணி அடித்தது. அப்பா. எங்கள் மூவருக்கும் ஒரே நினைப்புதான்: “அன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டும்.” அத்தை எடுத்தாள். “ம்… ம்… வந்துட்டேன்பா… பிள்ளைகளா? இந்தாருக்குக.” எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அத்தை “செத்த நேரங்கழிச்சுக் கூப்பிடு” என்று வைத்துவிட்டாள். ஆணி போட்டதே அத்தைதான் என்று கத்த வேண்டும்போல் எனக்கு இருந்தது. ஆனால் அவள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அதைச் சொல்ல முடியவில்லை.

பாங்கு முடிந்து, மில் வேன் வந்து, அம்மா இருட்டு வீட்டுக்குள் நுழைந்தாள். நாற்றமே அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டது. தோளிலிருந்து கைப்பையைக்கூட இறக்காமல் எங்கள் இருவர் கைகளையும் விரித்து விரித்துப் பார்த்தாள், முகத்தைத் தடவினாள், முடியை முகர்ந்தாள். பிறகு சமையலறைக்குள் போய் நின்றாள். ஆணியைப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். காலையில் சேலையில் குத்திய ஊக்கு அப்படியே இருந்தது. “என்ன மதினி, உங்க தம்பி போன் பண்ணிட்டாகளா?” என்று மட்டும் கேட்டாள். அப்பாவைப் பற்றி அவள் கேட்கவில்லை, தன் வேலையைப் பற்றித்தான் கேட்டாள். அத்தைக்கும் அது புரிந்தது.

மறுபடியும் மணி அடித்தது. அம்மா கை நீட்டினாள். அத்தை முந்திக்கொண்டாள்.

“ஏப்பா, கேளு. குறுக்க பேசாத. இன்னைக்கு உன் வீட்டு அடுப்பங்கரையில தீப் பிடிச்சுச்சு.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்ல. நல்லாருக்குக. குறுக்க பேசாதங்கிறேன்ல. அடுப்பு மேல குத்தமில்ல. சோத்துக்குள்ள ஆணிய வச்சது நானு. ஆமா, கறிக்கு வைக்கிற ஆணிதேன். தண்ணிய ஊத்தப் போனதும் நாந்தேன். ஊத்தியிருந்தா இன்னைக்கு எங்க மூணு பேரையும் சவப்பெட்டியிலதேன் பாத்திருப்ப. உம்மக கையத் தட்டிவிட்டா. என்னையப் பாத்து ‘தொறக்காத’ங்கிறா, அம்புட்டு வாயி. பெறகு ஓடிப்போயி மெயினை எறக்குறா. சின்னவன் பாடம் ஒப்பிக்கிறான். நான் முழிச்சிக்கிட்டு நிக்கேன்.” குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நான் வச்சது பிள்ளைகளக் காக்கலப்பா. அவ சொல்லிக்குடுத்துட்டுப் போனதுதேன் காத்துச்சு. பக்கத்துலயே நின்ன நான்தேன் கொளுத்தப் பாத்தேன். அவ வேலைக்குப் போகட்டும். அந்தப் பேச்சை நாந்தேன் எடுத்தேன், நானே விட்டுட்டேன்.”

அப்பா ஏதோ சொல்லியிருக்கிறார். “நீ என்னத்தை யோசிக்கிறது? நான் சொல்றேன்ல!” என்று அத்தை ஒரு அதட்டுப் போட்டாள். அத்தோடு முடிந்தது.

அம்மா அப்போதுதான் கைப்பையை இறக்கினாள். தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அத்தை மெயினை ஏற்றச் சொல்லிவிட்டு, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் தோசை சுட்டாள். அன்றைக்கு எங்களுக்குக் கறி இல்லை. எனக்கு அது பெரிய வருத்தமாகத்தான் இருந்தது.

எலக்ட்ரீஷியன் பாய் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகே பெட்டி மறுபடி ஓடியது. அத்தையின் வருகையும் நிற்கவில்லை. கறியோடு ஆணிக்குப் பதில் ஒரு கொத்து வேப்பிலையும் வரமிளகாயும் வரத் தொடங்கின. “இது உங்க மிசினுக்கும் ஆகும், எனக்கும் ஆகும்” என்பாள். ராத்திரி ஞானோபதேசத்தில் அம்மா ஒரு கேள்வியைக் கூட்டினாள்: “இலைக்குள்ள, துணிக்குள்ள, சோத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காம வைக்கலாமா?” அத்தை இருக்கிற நாட்களில் அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடுவாள். அத்தையே ஒரு நாள் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தாள்: “என்னடி, ஒண்ணு குறையுதே?”

சில வருடங்களில் அப்பாவின் கம்பெனி மூடப்பட்டு, அவர் இடுப்புவலியோடு ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு எங்கள் படிப்பு, வாடகை, அப்பாவின் வைத்தியம் எல்லாம் அந்த மில் மேசையிலிருந்துதான் வந்தன. தோப்பைப் பார்க்க முடியாத வயதில் அத்தையும் எங்களோடு வந்துவிட்டாள். சாயங்காலம் யார் வந்தாலும், “எங்க பிள்ளை மில்லுக்குப் போயிருக்கு, இப்ப வந்துரும்” என்று சொல்லிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் எவ்வளவு சொன்னாலும், வேன் சத்தம் கேட்கும் வரை ஒரு வாய் சாப்பிட மாட்டாள்.

இப்போது அந்த வெள்ளைப் பெட்டி இல்லை, அந்த வாடகை வீடும் இடிபட்டு வணிக வளாகமாகிவிட்டது. என் மகள் கடையிலிருந்து வந்த பொட்டலத்தை, அதில் வெள்ளித்தாள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அடுப்புக்குள் வைக்கப் போவாள். நான் எங்கிருந்தாலும் ஓடி வந்து கத்துவேன். அவள், “அம்மா, சும்மா டென்ஷன் ஆகாத” என்பாள். ஒரே குரலில் பதில் ஒப்பிக்க இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. நத்தம் பாதையில் பழைய புளியமரங்களும் சாலையை அகலப்படுத்தியதில் போய்விட்டன.

அம்மா ஓய்வு பெற்ற அன்று மில்லில் மாலை போட்டு, காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அத்தை இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா, நான், அருள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மாலையோடு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன்.

“என்னைய வேலைக்குப் போகாதன்னு சொன்னதும் மதினிதேன்” என்றாள். “நான் வேலை விட்டு வர்ற வரைக்கும் சாப்பிடாம உக்காந்திருந்ததும் மதினி மட்டுந்தேன்.”

நான் எழுந்துபோய் அவளுக்குச் சோற்றைச் சூடாக்கி வைத்தேன்.